கவர்னரில் 1700, காதில் அதற்கும் மேல்: என் 50 ஹெலியில் என்ன தப்பு?

திருவொற்றியூர் தும்பி | சனி, இரவு 9.40

வணக்கம். இரண்டு மாதம் முன்பு செகண்ட் ஹேண்டில் ராப்டர் என்கிற ரிமோட் மாடல் ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கினேன். 30 (சின்ன எஞ்சின் வகை) ஆகப் பிறந்து 50 (பெரிய எஞ்சின் வகை) ஆக வளர்ந்த ஹெலி. எஞ்சின், பூம், 600 மி.மீ. பிளேடு எல்லாம் பழைய உரிமையாளர் மாற்றியது. எஞ்சின் சுற்றை ஒரே அளவில் பிடித்து வைக்கிற ஃபுட்டாபா ஜிவி-1 கவர்னரும் கூடவே வந்தது. "எல்லாம் செட் பண்ணிதான் இருக்கு, எடுத்துப் பறக்க வேண்டியதுதான்" என்றார். நானும் நம்பினேன்.

ஐடில்-அப்பில் (பறக்கும்போது போடுகிற மோடு) ஹெட் ஸ்பீடு, அதாவது மேல் பிளேடு நிமிடத்துக்குச் சுற்றுகிற சுற்று, 1700 என்று வைத்திருக்கிறது. ஆனால் மீஞ்சூர் தாண்டி நாங்கள் பறக்கிற பொட்டலில் மற்றவர்களின் 50 "தப தப" என்று காற்றை அடிக்கும்போது என்னுடையது விசில் அடிக்கிறது. இது ஒன்று. ஹோவரில் (காற்றில் ஒரே இடத்தில்) நிற்கும்போது எஞ்சின் ஊம்... ஊம்... என்று விநாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்குகிறது, கூடவே வாலும் ஆடுகிறது. இது இரண்டு. இரண்டு டேங்க் ஓட்டி இறக்கினால் எஞ்சின் பின்தட்டில் விரல் வைக்க முடியவில்லை, சுரீர் என்கிறது. வாலை நிலையாகப் பிடிக்கிற ஜைரோவின் கெயினைக் குறைத்துப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெரம்பூர் பிஸ்டன் | சனி, இரவு 9.52

கவர்னர் என்று தலைப்பைப் பார்த்து அரசியல் சண்டைக்குத் தயாராக வந்தேன். ஏமாற்றிவிட்டீர்கள். சரி, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறேன்.

மூலக்கடை மெக்கானிக் | சனி, இரவு 10.30

தம்பி, முதல் வேலையாகக் கவர்னரை ஆஃப் செய்.

கவர்னருக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். எஞ்சினோடு சுற்றுகிற ஃபேனில் ஒட்டிய காந்தம் நிமிடத்துக்கு எத்தனை தடவை சென்சாரைக் கடக்கிறது, அவ்வளவுதான். எஞ்சின் காய்கிறதா, எண்ணெய் போதுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எரிபொருள் அளவை வைக்கிற நீடில் லீனாக (எரிபொருள் குறைவாக) இருந்து எஞ்சின் சூடேறிப் பலம் குறைந்தால், "சுற்று இறங்குதே" என்று த்ராட்டிலை இன்னும் திறக்கும். கீழே நின்று பார்க்கிற உனக்கு எல்லாம் சீராகத்தான் தெரியும், உள்ளே பிஸ்டனும் லைனரும் தேய்ந்துகொண்டிருக்கும். காய்ச்சல்காரனுக்கு மாத்திரை கொடுத்து மூட்டை தூக்க அனுப்புகிற கதை. அதனால் எஞ்சினைக் கவர்னர் இல்லாமல், வெறும் த்ராட்டில் கர்வில் (எந்த ஸ்டிக் நிலைக்கு எவ்வளவு த்ராட்டில் என்று ரேடியோவில் வைப்பது) ஒழுங்காக ஓட வைத்துவிட்டுத்தான் கவர்னர் பக்கம் போக வேண்டும்.

மெயின் நீடிலைக் கால் சுற்று திறந்துவிட்டுத் தூக்கு. ஹோவரிலிருந்து முழு பிட்ச் (பிளேடின் சாய்வு) கொடுத்து நேராக மேலே ஏற்று. புகை தெளிவாகக் கோடு போட்டு வர வேண்டும். ஏறும்போது சத்தம் கூர்மையாகி, மேலே போனதும் தொய்ந்தால் லீன். ஆரம்பத்திலிருந்தே கொடகொடவென்று தும்மினால் ரிச், அதாவது எரிபொருள் அதிகம். ரிச் பக்கத்திலிருந்து இரண்டிரண்டு கிளிக்காக உள்ளே வா. லீன் பக்கத்திலிருந்து வெளியே வருகிற பழக்கம் வேண்டாம், அது லைனருக்குச் செலவு வைக்கும். இறக்கியதும் பின்தட்டில் விரல் வைத்து மூன்று எண்ணு. எண்ண முடிந்தால் சரி.

அடுத்தது லிங்கேஜ், சர்வோ மோட்டாரையும் கார்பரேட்டரையும் இணைக்கிற கம்பி. பலர் சறுக்குகிற இடம் இது. த்ராட்டில் சர்வோ ஒரு கோடியில் கார்பை முழுக்க மூட வேண்டும், மறு கோடியில் முழுக்கத் திறக்க வேண்டும், எங்கும் முட்டி முனகக் கூடாது. நடுவில் நிற்கும்போது கார்பும் பாதி திறந்து, சர்வோ கை கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ரேடியோவில் இரண்டு பக்க டிராவலும் 100-க்குப் பக்கத்தில், ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் 60, ஒரு பக்கம் 110 என்று வைத்து ஒப்பேற்றாதே. 60 என்றால் சர்வோ கையில் உள்பக்க ஓட்டைக்கு மாற்று. கவர்னர் நுணுக்கி நுணுக்கித் திருத்துகிற ஜாதி, சர்வோ நகர இடம் குறைவாக இருந்தால் அதன் திருத்தமும் முரட்டுத்தனமாக இருக்கும். கம்பியைத் தொட்டால் கவர்னருக்கு ஐடில், ஹை, ஸ்டாப் மூன்று லிமிட்டையும் மறுபடி கற்றுக்கொடுக்க மறந்துவிடாதே.

கொளத்தூர் மின்தும்பி | சனி, இரவு 10.48

எலக்ட்ரிக்குக்கு மாறிவிடுங்கள். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈஎஸ்சிக்குள்ளேயே கவர்னர் மோடு இருக்கிறது. நீடிலும் இல்லை, எண்ணெய் துடைக்கிற வேலையும் இல்லை.

மூலக்கடை மெக்கானிக் | சனி, இரவு 10.51

வயிறு வலி என்று வந்தவனிடம் வேறு வயிறு வாங்கு என்கிறீர்கள்.

ராயபுரம் ரோட்டர் | ஞாயிறு, காலை 7.15

என்னைக் கேட்டால் கவர்னரே வேண்டாம். கவர்னர் இல்லாமலே இத்தனை வருஷம் பறக்கிறேன். ஐடில்-அப்புக்கு வி வடிவ த்ராட்டில் கர்வ், ஐந்து புள்ளியை ஒழுங்காக வைத்தால் போதும். காது இருக்கிறவனுக்குக் கவர்னர் எதற்கு?

பழைய டர்பைன் | ஞாயிறு, காலை 8.05

ராயபுரம் சார், உங்கள் காதுக்கு மரியாதை. ஆனால் கர்வ் என்பது முன்கூட்டியே சொன்ன ஊகம். இந்தப் பிட்சுக்கு இவ்வளவு த்ராட்டில் போதும் என்று நேற்றே எழுதி வைத்தது. காற்று எதிரே அடித்தாலும், டேங்கில் எரிபொருள் குறைந்தாலும், மே மாத வெயிலானாலும் அதே எண்தான். கவர்னர் நடந்ததைப் பார்த்துத் திருத்துகிறது. இரண்டும் வேண்டும் என்பேன். காந்தம் கழன்று சிக்னல் நின்றுபோனால் பின்னால் நிற்பது கர்வ்தான். கவர்னர் இருக்கிறதே என்று கர்வை 100, 100, 100 என்று சோம்பேறித்தனமாகப் போட்டு வைத்தவர்கள் அன்றைக்கு அழுவார்கள்.

தம்பியின் "ஊம் ஊம்" பற்றி. நான் அனல்மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ரோட்டர் 3000 சுற்றில் நிற்க வேண்டும், அப்போதுதான் 50 ஹெர்ட்ஸ். சுமை ஏறினால் வேகம் கொஞ்சம் இறங்க அனுமதிப்போம், அதற்கு ட்ரூப் என்று பெயர், 5 சதவீதம்போல வைப்பார்கள். துளிகூட இறங்கக் கூடாது என்று கவர்னரை முறுக்கினால் அது பதற்றக்காரனாகிவிடும். குறைந்தால் பாய்ந்து திறக்கும், கூடினால் பாய்ந்து மூடும். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் சுழலும் குண்டுகளை மாட்டியதிலிருந்தே இந்த வியாதி உண்டு. 1868-ல் மேக்ஸ்வெல் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் இது ஏன் வருகிறது என்று விளக்கினார்.

காத்தாடி விட்டவர்களுக்குக் கணக்கு வேண்டாம். நூல் தொய்வாக இருந்தால் கீழே இழுத்தது மேலே போய்ச் சேர ஒரு கணம் ஆகும். அதற்குள் பொறுக்காமல் இன்னொரு இழுப்பு. இரண்டும் சேர்ந்து போய்ச் சேர்ந்ததும் காத்தாடி தலைகுப்புற. உன் ஹெலியில் அந்தத் தொய்வு எங்கே இருக்கிறது என்று தேடு. பெரும்பாலும் கவர்னருக்கு வெளியேதான் இருக்கும்.

காசிமேடு கடலோடி | ஞாயிறு, காலை 9.20

டர்பைன் ஐயா சொன்னதைப் படகில் தினமும் பார்க்கலாம். பெரிய அலையில் விசைப்படகின் பின்பக்கம் தூக்கினால் புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வரும். சுமை போன எஞ்சின் கத்திக்கொண்டு ஏறும். டீசல் பம்பில் இருக்கிற கவர்னர் உடனே டீசலை மட்டுப்படுத்தும், மறுபடி தண்ணீரில் இறங்கியதும் திறந்துவிடும். அந்த ராடில் ஒரு பின் தேய்ந்திருந்தால் போதும், துறைமுகத்துக்குள் சும்மா நிற்கும்போதுகூட எஞ்சின் அலையும். புதுக் கவர்னர் வாங்கச் சொல்வார்கள். அவ்வளவு செலவு வேண்டாம், பின்னை மாற்றினால் போதும்.

அதனால் கம்பியின் கார்ப் பக்க முனையில் இருக்கிற பால் லிங்கை ஆட்டிப் பார். அப்புறம் டேங்க். உள்ளே எரிபொருளை உறிஞ்சுகிற கிளங்க் குழாய் ஓட்டையாகியிருந்தாலோ, அதிர்வில் நுரை கட்டினாலோ காற்றுக் குமிழி எஞ்சினுக்குப் போகும். குமிழி போகிற ஒவ்வொரு தடவையும் அது ஒரு கணம் லீனாகும். மஃப்ளரிலிருந்து டேங்குக்கு வருகிற பிரஷர் குழாயையும் பார்.

எரிபொருளும் ஒரு விஷயம். நாம் இருப்பது கடற்கரை. நம் எரிபொருளில் இருக்கிற மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாதி காலியான கேனை மூடி தளர்த்தி வைத்தால், போன மாதம் செட் செய்த நீடில் இந்த மாதம் பொருந்தாது.

மூலக்கடை மெக்கானிக் | ஞாயிறு, காலை 9.34

கேன் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பாட்டிலில், ஜூஸ் பாட்டிலில் மெத்தனாலை ஊற்றி வைக்கிற வேலையே கூடாது. பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். உலோகக் கேன், மேலே பெரிய எழுத்தில் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம்.

திருவொற்றியூர் தும்பி | ஞாயிறு, இரவு 8.10

எல்லோருக்கும் நன்றி. காலையிலேயே பொட்டலுக்குப் போய்விட்டேன்.

கவர்னரை ஆஃப் செய்து தூக்கியதும் எஞ்சினின் லட்சணம் தெரிந்துவிட்டது. அண்ணன் சொன்ன மாதிரியே ஏறும்போது கூர்மை, மேலே தொய்வு. நல்ல லீன். கால் சுற்று திறந்து, பிறகு நான்கு கிளிக் உள்ளே வந்தேன். இப்போது புகை கோடு போடுகிறது. பால் லிங்கில் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது, மாற்றிவிட்டேன். டிராவல் ஒரு பக்கம் 72, மறுபக்கம் 108 இருந்தது. ஓட்டை மாற்றி 98, 101 ஆக்கி, லிமிட் மூன்றையும் புதிதாகக் கற்றுக்கொடுத்தேன். மறுபடி கவர்னரை ஆன் செய்தால் ஊம் ஊம் போயே போச்சு. வாலும் அடங்கியது.

ஆனால் விசில் அப்படியே இருக்கிறது. சூடும் குறைந்திருக்கிறதே தவிர, ஹோவரில்கூட இவ்வளவு சூடு வரலாமா என்று இருக்கிறது. சென்சார் தப்பாகப் படிக்குமா?

மூலக்கடை மெக்கானிக் | ஞாயிறு, இரவு 8.45

சென்சார் பெரும்பாலும் குறைத்துப் படிக்காது. படித்தால் படிக்கும், இல்லாவிட்டால் விட்டு விட்டுப் படிக்கும். இருந்தாலும் பார்த்துவிடு. டிஸ்ப்ளேயில் சென்சார் டெஸ்டுக்குப் போய் ஃபேனைக் கையால் மெல்லச் சுற்று. காந்தம் நேரே வரும்போது சதவீதம் ஏற வேண்டும், 60-க்கு மேல் போனால் நல்லது. போகாவிட்டால் இடைவெளி அதிகம். அழைப்பிதழ் அட்டை ஒன்றை இடையில் வைத்து, அது உரசாமல் வழுக்கிப் போகிற அளவுக்கு நெருக்கு. ஹால் சென்சார் என்பதால் எண்ணெய்ப் பிசுக்கு பிரச்சினை இல்லை. ஆனால் காந்தத்துக்கு முகம் உண்டு, திருப்பி ஒட்டினால் படிக்காது. எதிர்ப்பக்கம் எடை சமன் செய்ய ஒட்டுகிற இரண்டாவது காந்தத்தை வேண்டுமென்றே திருப்பி ஒட்டுவது இதனால்தான். நேராக ஒட்டிவிட்டால் ஒரு சுற்றை இரண்டாக எண்ணும்.

ஒட்டுவதற்கு முன் ஃபேனைத் தின்னரில் துடைத்து, உப்புத்தாள் போட்டு, எபாக்ஸி. ஒருமுறை அவசரத்தில் வெறும் சூப்பர் குளூவில் ஒட்டினேன். மூன்றாவது டேங்கில் காந்தம் பொட்டலில் எங்கேயோ விழுந்துவிட்டது. கர்வ் ஒழுங்காக இருந்ததால் ஹெலி தப்பியது. காந்தத்தை இன்னும் தேடுகிறேன்.

ராயபுரம் ரோட்டர் | ஞாயிறு, இரவு 9.00

காது வேண்டாம் என்றால் வெளியிலிருந்து சுற்றை அளக்கிற டேக்கோமீட்டரால் பாருங்கள். கவர்னர் சொல்வதையே கவர்னரிடம் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி?

பழைய டர்பைன் | ஞாயிறு, இரவு 9.12

இதில் ராயபுரத்தாரோடு முழுதாக உடன்படுகிறேன்.

திருவொற்றியூர் தும்பி | புதன், இரவு 9.30

தண்டையார்பேட்டையில் ஒரு நண்பரிடம் ஆப்டிகல் டேக்கோ இருந்தது, வாங்கி வந்தேன். முதலில் அதையே நம்பலாமா என்று வீட்டு டியூப்லைட் பக்கம் காட்டினேன். இரண்டு பிளேடு செட்டிங்கில் சரியாக 3000 காட்டியது. ஏன் என்று புரியவில்லை, நண்பர் அப்படித்தான் பார்ப்பாராம்.

பிறகு அவர் ஹோவர் பிடிக்க, நான் தள்ளி நின்று அளந்தேன். கவர்னரில் 1700. டேக்கோவில் 1910. மூன்று தடவை அளந்தேன், ஐந்து பத்து வித்தியாசத்தில் அதேதான். சென்சார் 78 சதவீதம், காந்தம் ஒன்றுதான் இருக்கிறது.

பழைய டர்பைன் | புதன், இரவு 9.41

3000 ஏன் என்று சொல்கிறேன். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு மாட்டிய டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும், நிமிடத்துக்கு 6000. இரண்டு பிளேடு என்று டேக்கோ இரண்டால் வகுக்கிறது. ஆக, நீ உன் வீட்டுச் சுவரில் அளந்தது எங்கள் டர்பைன் ரோட்டரின் சுற்றைத்தான். உன் டேக்கோ சரி. எல்ஈடி பல்பில் இந்த வித்தை எப்போதும் பலிக்காது.

பெரம்பூர் பிஸ்டன் | புதன், இரவு 10.05

அரசியல் இல்லாததால் கால்குலேட்டர் எடுத்தேன். 1910-ஐ 1700-ஆல் வகுத்தால் 1.12. அளவுப் பிழை இப்படி மூன்று தடவையும் ஒரே விகிதத்தில் வராது. ராப்டர் 30-க்கு மெயின் கியர் 86 பல், எஞ்சின் பக்கத்து கிளட்ச் பெல் 9 பல், வகுத்தால் கியர் ரேஷியோ 9.56. ராப்டர் 50-க்கு 85, 10. அதாவது 8.5. 9.56-ஐ 8.5-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 1.12.

தும்பி, கவர்னர் செட்டிங்கில் கியர் ரேஷியோ என்ன என்று பார்த்துவிட்டு, உன் ஹெலியில் பல்லை எண்ணு.

திருவொற்றியூர் தும்பி | புதன், இரவு 10.40

கவர்னரில் 9.56.

மெயின் கியரில் மார்க்கர் புள்ளி வைத்து இரண்டு தடவை எண்ணினேன். 85. பெல் 10.

மூலக்கடை மெக்கானிக் | புதன், இரவு 11.02

பிஸ்டன் தம்பிக்கு ஒரு பிளேட் அத்தோ என் கணக்கில், பர்மா பஜார் பக்கம் வரும்போது சொல். 30-ஐ 50 ஆக்கியது என்று முதல் பதிவிலேயே இருந்தது. நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். நீடிலைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். சென்சார் அளப்பது எஞ்சின் சுற்றை. அதை ரேஷியோவால் வகுத்து ஹெட் ஸ்பீடு என்று காட்டுகிறது. 1700 வேண்டும், ரேஷியோ 9.56 என்று சொன்னதால் அது எஞ்சினை 16,250 சுற்றில் பிடித்து வைத்திருக்கிறது. உண்மையில் 14,450 போதும். ஹோவரிலேயே சூடு ஏன் என்பதற்கு இதுவும் காரணம். கியரை மாற்றியவர் கவர்னரில் எண்ணை மாற்றவில்லை, கவர்னர் சொன்ன பேச்சைத் தட்டாமல் வேலை பார்த்திருக்கிறது.

இதேபோல இன்னொரு குருட்டுப் புள்ளியும் உண்டு. கிளட்ச் வழுக்கினால் ஃபேன் சுற்று சரியாக இருக்கும், ஹெட் இறங்கும், கவர்னருக்குத் தெரியவே தெரியாது. பெல் உள்ளே லைனிங் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கழற்றிப் பார்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த ஹெட் இவ்வளவு நாள் 1700-க்குப் பதில் 1910-ல் ஓடியிருக்கிறது. பிளேடை வெளியே இழுக்கிற விசை சுற்றின் இருமடிக்கு ஏறும், அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேலே கூடுதல். பிளேடு நுனி மணிக்கு 430 கி.மீ. போக வேண்டியது 480-ஐத் தாண்டிப் போயிருக்கிறது. அதனால் பிளேடு போல்ட் இரண்டையும் மாற்று. இரண்டு பிளேடையும் தாங்குகிற ஸ்பிண்டிலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார், இரண்டு முனை போல்ட்டையும் புதிதாக லாக்டைட் போட்டு மாட்டு. த்ரஸ்ட் பேரிங்கில் சொரசொரப்பு இருந்தால் தூக்கிப் போடு. பிளேடின் அடிப் பகுதியில், போல்ட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார். சந்தேகம் வந்தால் பிளேடு குப்பைக்கு. காசு போனால் போகட்டும்.

காசிமேடு கடலோடி | வியாழன், காலை 6.30

ரேஷியோ மாற்றிய முதல் தூக்கலுக்கு முன் தரையில் த்ராட்டில் ஹோல்டையும் (த்ராட்டிலை ஐடிலில் பிடித்து வைக்கிற சுவிட்ச்) பார்த்துவிடு தம்பி. ஹோல்ட் போட்டதும் கவர்னர் ஆஃப் ஆகி, சர்வோ ஐடிலுக்கு வர வேண்டும். ஆட்டோரொட்டேஷனில் (எஞ்சின் பலம் இல்லாமல்) இறங்கும்போது "சுற்று குறையுதே" என்று கவர்னர் த்ராட்டிலைத் திறந்தால் கதை கந்தல். ரேடியோ சிக்னல் அறுந்தால் வேலை செய்கிற ரிசீவரின் ஃபெயில்-சேஃபும் ஐடிலில்தான் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்கிற நார்மல் மோடில் கவர்னர் ஆஃப்.

மீஞ்சூர் பக்கம் பறப்பதால் இன்னொன்று. அத்திப்பட்டு, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று துறைமுகமும் மின் நிலையமும் நிறைய இருக்கிற இடம். போவதற்கு முன், எங்கே பறக்கலாம் என்று நிறத்தால் காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பார்த்துக்கொள்.

திருவொற்றியூர் தும்பி | ஞாயிறு, மதியம் 1.15

ரேஷியோ 8.50. கவர்னரில் 1700, டேக்கோவில் 1690. விசில் போய்விட்டது. இப்போது என்னுடையதும் தப தப என்கிறது. இரண்டு டேங்குக்குப் பிறகு பின்தட்டில் விரல் வைத்து ஐந்து எண்ணினேன்.

இரண்டு விஷயம் மாறின. பழைய ஸ்டிக் இடத்தில் ஹோவர் நிற்கவில்லை, கீழே இறங்கியது. சுற்று குறைந்த அளவுக்குப் பிட்ச் கூடுதலாகக் கேட்கிறது, பிட்ச் கர்வின் நடுப் புள்ளியை ஒரு டிகிரிக்கு மேல் உயர்த்தினேன். வாலும் கொஞ்சம் தளர்ந்தது. முன்பு குறைத்த ஜைரோ கெயினை மறுபடி ஏற்றியதும் பிடித்துக்கொண்டது. ஸ்பிண்டில் நேராக இருக்கிறது, த்ரஸ்ட் பேரிங் ஒன்று சொரசொரத்தது, மாற்றியாயிற்று. பிளேடில் விரிசல் இல்லை. கிளட்ச் லைனிங் நன்றாக இருக்கிறது. ஹோல்ட் போட்டதும் கவர்னர் விடுகிறது, ஐந்து தடவை பார்த்தேன்.

ஹெலியோடு வந்த உதிரிப் பெட்டியைத் துழாவினால் அடியில் பழைய 9 பல் பெல்லும் 86 பல் கியரும் கிடக்கின்றன. முதல் நாளே பார்த்திருக்கலாம். இரண்டுமே நல்ல நிலையில்தான் இருக்கின்றன. யாரிடமாவது 30 இருந்தால் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள், பெரம்பூர் வரைக்கும் கொண்டுவந்து தருகிறேன்.

பெரம்பூர் பிஸ்டன் | ஞாயிறு, மதியம் 1.22

என்னிடம் 30 இருக்கிறது, எனக்கு வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் எண்ணித்தான் எடுப்பேன்.